நன்றியுரை சொல்லப்படாத கூட்டம்

பூவரசங்குறிச்சியில் இன்றைக்கும் யாராவது மேடையில் பேச எழுந்தால், முன்வரிசையில் இருப்பவர்கள் பேசுகிறவரைப் பார்ப்பதற்கு முன்னால், நன்றியுரை சொல்லப்போகிறவர் வந்து உட்கார்ந்துவிட்டாரா என்றுதான் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. விளங்க வேண்டுமென்றால், ஓர் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குத் தொடங்கிய கூட்டம் அடுத்த ஆனி பிறந்த பிறகுதான் முடிந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஊருக்கு மேற்கே ரயில்வே கேட்டை ஒட்டி இருந்த பழைய புகையிலைக் கோடவுனைத்தான் ஞாயிறு மன்றத்தார் வெள்ளையடித்து மண்டபமாக்கி வைத்திருந்தார்கள். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு தவறாமல் எங்கிருந்தாவது ஓர் அறிஞர் வந்து இறங்குவார். எரிமலைக்குள் என்ன நடக்கிறது என்று சொன்னவர்கள் வந்தார்கள், விளைச்சல் இருக்கும்போதே பஞ்சம் எப்படி வருகிறது என்று சொன்னவர்கள் வந்தார்கள், பழங்காலத்துச் சிற்பியின் உளி எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கல்லைப் பார்த்தே சொன்னவர்களும் வந்தார்கள். ஊர் போய் உட்காரும், நல்ல இடத்தில் கைதட்டும், வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுக்கும். சமத்துவத்தைப் பற்றி மட்டும் பதினேழு சொற்பொழிவுகள் நடந்திருந்தன. அந்தப் பதினேழுக்கும் பிறகும் மேலத்தெருக் குழாயில் கீழத்தெருக்காரர்கள் குடம் வைப்பதில்லை என்ற வழக்கம் அப்படியே இருந்தது. தாங்கள் கைதட்டிய விஷயத்துக்கும் தங்கள் தெருக் குழாய்க்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குமோ என்று யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஆவுடையம்மாளும் மேலத்தெருதான். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைப்பது, அமில பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது, தவளை வேண்டுமென்றால் தவளை பிடிக்க ஆள் சொல்வது. கணவர் காலமாகிப் பத்து வருடம் ஆகிறது. மகள் கோயம்புத்தூரில் குடும்பமாக இருக்கிறாள். மன்றம் தொடங்கிய நாள்முதல் ஆவுடையம்மாள் உறுப்பினர். இந்த இருபத்திரண்டு வருடத்தில் மன்றம் அவளுக்குக் கொடுத்த ஒரே வேலை நன்றியுரை. தலைமையுரை எப்போதும் இரும்புக்கடை ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சிக்குத்தான். வரவேற்புரை, அந்த மாதம் யார் வீட்டில் பேச்சாளருக்குச் சாப்பாடோ அந்த வீட்டுக்காரருக்கு. நன்றியுரை என்பது சபை எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் யாரோ ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லவேண்டியது, அதை ஒரு பெண்பிள்ளை சொன்னால் மேடைக்கும் பாந்தமாக இருக்கும் என்று மன்றத்தார் எண்ணினார்கள். ஆனால் நன்றி சொல்லப்போகிறவள் கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும், பேசியதிலிருந்து ஒரு வரியாவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஆகவே பூவரசங்குறிச்சியில் எல்லாச் சொற்பொழிவையும் முழுசாகக் கேட்ட ஒரே ஆள் ஆவுடையம்மாள்தான். அவளுக்கு என்ன தோன்றியது என்று மட்டும் ஒருத்தரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த ஆடி ஞாயிறு வந்தவர் பேராசிரியர் அம்பலக்கூத்தன். சிதம்பரம் பக்கத்துக்காரர், நாடெங்கும் கூப்பிட்டுக் கேட்கிற பேச்சாளர். நோட்டீசில் தலைப்பு 'ஒளி, ஊர், ஓவியம்' என்று போட்டிருந்தது. ஒளி எப்படி நகர்கிறது என்று தொடங்கி, அது ஓர் ஊரில் யார் வீட்டு ஜன்னலில் விழுகிறது யார் வீட்டில் விழுவதில்லை என்று போய், அந்த ஜன்னலை ஓர் ஓவியன் எப்படி வரைவான் என்று வந்து நிற்பது அவர் திட்டம். நடுவில் கேள்விச் சீட்டு வாங்கினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆவுடையம்மாளும் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள். 'ஐயா, இந்த மன்றத்தில் இருநூற்றுச் சொச்சம் பேர் பேசக் கேட்டிருக்கிறேன். கேட்டு நான் என்ன ஆனேன் என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு என்னதான் மிஞ்சுகிறது?' என்று அதில் இருந்தது. பேராசிரியர் அதைச் சத்தமாக வாசித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இந்தச் சகோதரியின் கேள்வி லேசானதல்ல, கடைசியில் வருகிறேன் என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆறு இருபதுக்கு அவருக்கு ரயில். ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பேச்சு ஒளியிலேயே நின்றது, ஊருக்கு வரவில்லை. அண்ணாச்சி மேடையேறி, பேசிக்கொண்டிருந்தவரின் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, ஒரு கையைப் பிடித்தார். மன்றத்துச் செயலாளர் இன்னொரு கையைப் பிடித்தார். நன்றியுரைக்காக முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்த ஆவுடையம்மாளைப் பார்த்து, "நேரமில்ல தாயி, அடுத்த மாசம் சேத்துச் சொல்லிக்கிடலாம்" என்றார் அண்ணாச்சி. அவள் உட்கார்ந்துவிட்டாள். பேராசிரியர் 'நிழல் என்பது' என்ற இடத்தில் காரில் ஏற்றப்பட்டார். கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மேடையில் அவர் குரல், நிழல் என்பது ஒளி இல்லாமை அல்ல நண்பர்களே, அதை இன்னும் கொஞ்சம் விளக்கவேண்டியிருக்கிறது என்று தொடர்ந்து பேசியது.

மைக்செட் தாசையன் சுவிட்சை அணைத்தான், ஒயரைச் சுருட்டினான், ஒலிபெருக்கியைத் தள்ளுவண்டியில் ஏற்றினான். குரல் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. செருப்பு மாட்டியவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தர் பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்து போவது மரியாதை இல்லை என்பது அந்த ஊரின் வளர்ப்பு. எட்டு மணிக்குப் பசி எடுத்ததும், ஒவ்வொருவராகக் கும்பிட்டுவிட்டுக் குனிந்துகொண்டே வெளியே போனார்கள். காலையில் வந்து பார்த்தபோது குரல் நீரில் நுழையும் ஒளி ஏன் வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது, தொண்டை துளிகூடக் கம்மவில்லை.

முதல் பதினைந்து நாள் ஊருக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது. ஆவணியில் அந்த மண்டபத்தில் ஆறு கல்யாணங்கள் இருந்தன. முதல் கல்யாணத்தில் நாதஸ்வரக்காரர் கோபித்துக்கொண்டு சீவாளியைக் கழற்றிவிட்டார். மூன்றாவது கல்யாணத்தில் அவரே குரல் மூச்சுவிடும் இடம் பார்த்துக் கெட்டிமேளத்துக்குக் கைகாட்டப் பழகிவிட்டார். பிறகு அதுவே வழக்கமாகி, இன்னாருக்குத் தாலி ஏறியது வானவில்லில், இன்னாருக்கு ஏறியது கிரகணத்தில் என்று மொய் எழுதும் நோட்டிலும் குறித்துக்கொண்டார்கள். பேருந்து நடத்துநர்கள் கேட் ஸ்டாப் என்பதை விட்டுவிட்டு, பேச்சு ஸ்டாப்பெல்லாம் இறங்கு என்று கூவினார்கள். அரசு மருத்துவமனை டாக்டர், ரத்தக்கொதிப்புக்காரர்களைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் போய் உட்காரச் சொன்னார். அரசியல் வருகிற நாளில் மட்டும் போகவேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். குரலுக்கு மின்சாரம் வேண்டியிருக்கவில்லை, சோடா வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் வந்தவரை வெறும் வாயோடு பேசவிடலாமா என்று மேடையில் தினமும் யாராவது ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார்கள்.

அதிகம் கேட்டவர்கள் பீடி சுற்றும் பெண்கள்தான். வீட்டில் உட்கார்ந்து சுற்றுவதை இங்கே வந்து சுற்றலாமே என்று கீழத்தெருச் சொர்ணம் முதலில் இலையும் தூளும் வைத்த சுளகோடு வந்தாள். ஐப்பசிக்குள் நாற்பது சுளகு வந்துவிட்டது. இலையை நறுக்கி, தூளை வைத்து, உருட்டி, நூல் கட்டும் கைகள் தம்பாட்டுக்கு வேலைசெய்ய, காதுகள் நட்சத்திரங்களின் வயசைக் கேட்டன, நெல்லுக்கு முந்தி மனிதர்கள் என்ன தின்றார்கள் என்று கேட்டன, குகைச்சுவரில் முதல் மானை வரைந்தவன் எதற்காக வரைந்தான் என்று கேட்டன. தையில் குரல் ஒளியை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தது. அப்போதெல்லாம் ஆண்கள் டீக்கடையில் பத்திரிகை வாசிப்பதை விட்டுவிட்டு, இன்றைக்குப் பேச்சு எதுவரை வந்திருக்கிறது என்று பீடிப் பெண்களிடம்தான் விசாரித்தார்கள்.

மாசி மாதம் ஒரு காலை, மேலத்தெருக் குழாயடியில் வரிசை நின்றபோது, சொர்ணம் நடந்து வந்து தன் குடத்தை வைத்தாள். வேண்டாம் என்றார்கள். தண்ணீரை யார் முதலில் தொட்டார்கள் என்பதற்குச் சரித்திரத்தில் சாட்சி கிடையாது என்று நேற்றுக் குரல் சொன்ன வாக்கியத்தை அவள் அட்சரம் பிசகாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, நானும் ஒரு சாட்சி இல்லாத ஆள்தான் என்று தன் பங்குக்கு ஒரு வாக்கியம் சேர்த்தாள். இரண்டாவது வாக்கியம் பேராசிரியர் சொன்னதா இவளே சொன்னதா என்று நிச்சயமாகத் தெரியாமல் அவர்கள் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் குடம் நிறைந்துவிட்டது. வரிசையில் மூன்றாவது ஆளாக ஆவுடையம்மாள் நின்றிருந்தாள். அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். நேற்று அந்த இடத்தை அவள் தன் காதால் கேட்டிருந்தாள். அந்தச் சமயத்தில் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவள் வாய் திறக்கவில்லை, சொர்ணம் குடத்தைத் தூக்கும்போது இடுப்பில் ஏற்றிவிடக்கூடக் கை கொடுக்கவில்லை.

குரல் ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் சொன்னவன் தாசையன். நூறு கூட்டங்களுக்கு மைக் கட்டியவனுக்கு அது கணக்குப்போட வேண்டிய விஷயமே இல்லை. நோட்டீசில் நன்றியுரை என்று போட்டிருக்கிறது, நன்றியுரை சொல்லவில்லை, ஆகவே கூட்டம் முடியவில்லை, முடியாத கூட்டத்தில் பேச்சாளர் எப்படிப் பேச்சை நிறுத்துவார் என்று கேட்டான். அது சரிதான் என்று செயலாளர் ஒருநாள் மேடையேறி நன்றி சொல்லிப் பார்த்தார்; குரல் அவரைக் கண்டுகொள்ளவில்லை. நோட்டீசில் அச்சடித்திருந்த பெயர் திருமதி ஆவுடையம்மாள் என்பது.

அவள் சொல்லவில்லை. ஒரு மாதம் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள், ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போகவேண்டும் என்றாள், ஒரு மாதம் பள்ளியில் செய்முறைத் தேர்வு என்றாள். மன்றத்தாரும் வற்புறுத்தவில்லை; பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமைப்படும்படி ஒன்று தங்களிடம் இருப்பது அண்ணாச்சிக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஆவுடையம்மாளின் காரணம் வேறு. குரல் பத்து நாளைக்கு ஒருமுறையாவது, சீட்டு அனுப்பிய சகோதரியை நான் மறக்கவில்லை, அவர் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டதும் நேரே மண்டபத்துக்கு வருவாள், தூணடியில் உட்காருவாள், பகலில் விட்டுப்போனதைப் பீடிப் பெண்களிடம் கேட்டுக்கொள்வாள், தனக்கென்று ஒரு பதில் இந்த உலகத்தில் எங்கேயோ வந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவாள். அவள் வாழ்க்கையில் யாரும் அவளுக்கு அவ்வளவு பெரிய வாக்குக் கொடுத்ததில்லை.

வைகாசியில் ஒரு கடிதம் வந்தது. பேராசிரியரின் மனைவி செங்கமலம் எழுதியிருந்தார். தம் கணவர் போன ஆடியில் பூவரசங்குறிச்சியிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து பேசுவதில்லை என்றும், எல்லா டாக்டர்களும் பார்த்தாகிவிட்டது, தொண்டையில் கோளாறு ஒன்றும் இல்லை என்கிறார்கள் என்றும், உங்கள் ஊர் மண்டபத்தில் அவர் குரல் பேசுவதாகச் சொந்தக்காரர் ஒருவர் வந்து சொன்னார், உண்மையா என்றும் கேட்டிருந்தார். அண்ணாச்சி அதைப் படித்து மடித்து மேசைக்குள் வைத்தார். வைப்பதற்கு முன்னால் ஆவுடையம்மாளிடம் காட்டினார், அவளும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். பதில் போகாததால் ஆனி இரண்டாம் ஞாயிறு அந்தம்மாளே காலைப் பஸ்ஸில் வந்து இறங்கினார்.

மெலிந்த உடம்பு, நரைத்த கொண்டை, கையில் ஒரு துணிப்பை. யாரையும் எதுவும் கேட்காமல் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். பீடிப் பெண்கள் டீ வாங்கிக் கொடுத்தார்கள், மத்தியானம் சொர்ணம் தன் தூக்குவாளிச் சோற்றில் பாதியைக் கொடுத்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டார், மேடையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். குரல் அன்றைக்கு ஓவியத்தில் இருந்தது. எந்தெந்த ராஜா எந்தெந்த ஓவியனை ஆதரித்தான் என்று பெயர் பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தது. மூன்று மணிக்கு மேல், வந்திருப்பவர் யாரென்று ஊகித்திருந்த ஆவுடையம்மாள் தாங்கமுடியாமல் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"காலைலேருந்து பாக்கறேன்" என்றார் செங்கமலம். "செத்துப்போன ராஜா பேரெல்லாம் சொல்றாரு. எம் பேர ஒரு தடவ சொல்லல. இது அவரு கொரல்தான், ஆனா அவரு இல்ல."

பிறகு மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். முப்பத்தாறு வருடம் இந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்தவள்தான் தான் என்றார். பேச்சில்லாமல் வந்து இறங்கிய முதல் ஒரு வாரம் வீடு நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது என்றார். அப்புறம்தான் தெரிந்தது, காபி வேண்டுமென்றால் கைதட்டிக் கூப்பிடுகிறார், வாசலில் ஆள் வந்தால் ஒளிந்துகொள்கிறார், ராத்திரி தூக்கத்தில் செங்கமலம் என்று ஒரு முனகல் முனகுவாரே, அதுகூட இல்லை. அந்த முனகல் இல்லாமல் தனக்கும் தூக்கம் போய்விட்டது என்று சொல்லும்போதுதான் அவருக்குக் கண் நிறைந்தது.

ஆவுடையம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, இத நான் எப்பவோ முடிச்சிருக்கலாம்" என்றாள். "நான் நன்றி சொன்னா நின்னுரும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

"ஏன்?"

"எனக்கு ஒரு கேள்வி உண்டும். கடைசில பதில் சொல்லுதேன்னு சொல்லியிருக்காவ."

செங்கமலம் கோபிப்பார் என்று ஆவுடையம்மாள் எதிர்பார்த்தாள். அவரோ களைப்பாகச் சிரித்தார்.

"நானும் நெறய கேட்டு வச்சிருக்கேன், தாயே. முப்பத்தாறு வருஷமா எங்கிட்டயும் கடைசில வரேன்னுதான் சொல்றாரு."

ஆவுடையம்மாள் எழுந்தாள். மேடைப் படியில் அவள் கால் வைத்ததும் அண்ணாச்சி ஓடிவந்தார். ஒரு மாதம் பொறுத்துக்கொள், சொற்பொழிவுக்கு ஆண்டு விழா வைத்திருக்கிறோம், பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது, பெரிய மனிதர்களெல்லாம் வருகிறார்கள் என்று கெஞ்சினார். சுளகுகள் நகர்ந்தன, வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள், ஒரு நிமிடத்தில் மண்டபம் நிறைந்துவிட்டது. நாளைக்கு எதைக் கேட்டுக்கொண்டு பீடி சுற்றுவது என்ற கவலை அந்த நாற்பது பெண்களின் முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்தா அது நடக்கவேண்டும்? ராஜாக்களையும் ஓவியர்களையும் அப்படியே விட்டுவிட்டு, குரல் ஒரு மூச்சு நிறுத்தி, நண்பர்களே, இனி அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன் என்றது.

மண்டபத்தில் ஒருத்தரும் அசையவில்லை. கேட்டுக்கொண்டே இருப்பவர்களுக்கு என்ன மிஞ்சுகிறது என்று அந்தச் சகோதரி கேட்டார், அதைச் சொல்வதற்கு முன்னால் காது எப்படி உண்டாயிற்று என்று பார்த்துவிட வேண்டும், கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஓர் உயிரினத்தின் தாடையில் இருந்த சிறு எலும்பு என்று குரல் நிதானமாகத் தொடங்கியது. சொர்ணம் எழுந்து நின்று, "யக்கா, உங்க கேள்விதான். கேட்டுட்டே முடிங்க" என்றாள். அண்ணாச்சியும் அதையே சொன்னார். ஆவுடையம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். இந்தக் குரலின் போக்கு அவளுக்கு மனப்பாடம். தாடை எலும்பில் தொடங்கினால் காதுக்கு வர மூன்று மாதம், காதிலிருந்து மனிதனுக்கு வர ஆறு மாதம், அதற்குப் பிறகுதான் ஆவுடையம்மாள். ஆனாலும் அது வருகிறது, வழி தொடங்கிவிட்டது, அவளுக்காகவே தொடங்கிவிட்டது. அவள் முதல் வரிசையைப் பார்த்தாள். செங்கமலம் அவளைப் பார்க்கவில்லை, மடியில் இருந்த துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆவுடையம்மாள் மைக் இல்லாமலே பேசினாள். இருபத்திரண்டு வருடமாக ஒரே வரிசையில் சொல்லிப் பழகியது தானாக வந்தது: மண்டபத்துக்கு நன்றி, தலைமை தாங்கியவருக்கு நன்றி, மைக்செட் தாசையனுக்கு நன்றி. பேச்சாளருக்கு நன்றி என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டாள், அங்கே எப்போதும் முடித்துவிடுவாள். இந்தத் தடவை முடிக்கவில்லை.

"பேச்சாளர நமக்குத் தந்துட்டு, பதினோரு மாசம் பேச்சில்லாத வீட்ல இருந்த செங்கமலத்தம்மாவுக்கு நன்றி. அவங்கள நான் காக்க வச்சுட்டேன். அது எந்தப்பு. சமத்துவம்னு பதினேழு தடவ இங்கன பேசுனாவ, பதினேழுக்கும் நான்தான் நன்றி சொன்னேன். சொர்ணம் எங்க தெருக் குழாயில கொடம் வச்சப்ப, அவ பின்னால நின்னுக்கிட்டு வாயத் தொறக்காம இருந்தவளும் நான்தான். கேட்டத எடுத்துக்கிட்டு நடந்து வந்தவ அவ ஒருத்தி. சொர்ணத்துக்கு நன்றி. நாளைக்குக் காலைல நான் குழாயடியில நிப்பேன், அவளுக்குக் கொடம் ஏத்திவிடுவேன். யாருக்காவது சொல்லவேண்டியது இருந்தா அங்கன வந்து எங்கிட்டச் சொல்லுங்க." மூச்சு வாங்கிக்கொண்டு, "இத்துடன் இக்கூட்டம் இனிதே நிறைவுபெறுகிறது. நன்றி, வணக்கம்" என்றாள்.

குரல் தாடை எலும்பில் நின்றது. பதினோரு மாதமாகக் கேட்காத சத்தங்களெல்லாம் மண்டபத்துக்குள் வந்தன, மின்விசிறி சுற்றுவது கேட்டது, ரயில்வே கேட்டில் மணியடிப்பது கேட்டது. கிரகணத்தில் தாலி கட்டியவர்களின் கைக்குழந்தை, பிறந்ததிலிருந்து இப்படி ஓர் அமைதியைக் கண்டிராததால் வீறிட்டு அழுதது. யாரும் கைதட்டவில்லை. அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார், அந்தம்மாளுக்கு ஆறு இருபது ரயிலைப் பிடிக்க ஆட்டோ சொல்லத்தான் போனார் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் குழாயடியில் ஆவுடையம்மாள் சொன்னபடி நின்றாள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், இரண்டு பேர் குடத்தை எடுத்துக்கொண்டு வேறு குழாய்க்குப் போனார்கள், மற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் சொர்ணத்தின் இடுப்பில் குடத்தை ஏற்றிவிட்டாள். குடத்திலிருந்து தளும்பி இரண்டு பேர் சேலையும் நனைந்தது. வீட்டுக்கு வந்து சேலை மாற்றும்போது அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, தன் கேள்வியைத் தானே பாதியில் நிறுத்திவிட்டோமே என்று துக்கமாகவும் இருந்தது. மண்டபத்துப் பக்கம் போகவே மனசு வரவில்லை.

புதன்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் அவள் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது செல்போன் அடித்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். மறுமுனையில் வணக்கம் என்று ஒரு குரல். பதினோரு மாதம் கேட்ட குரல், ஆனால் கரகரத்து, கொஞ்சம் பயந்த மாதிரி, பழக்கமில்லாத வீட்டுக்குள் வந்தவர் பேசுவதுபோல் இருந்தது. ஆவுடையம்மாள் தன்னை அறியாமல் எழுந்து நின்றாள்.

"நிழல் என்பதுங்கறதுக்கு அப்புறம் எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லம்மா" என்றார் பேராசிரியர். "அங்க என்னவெல்லாம் பேசினேன்னு எனக்குத் தெரியல. முதல்லேருந்து மனசு வச்சுக் கேட்டவங்க நீங்கதான்னு செங்கமலம் சொன்னா. நான் என்னம்மா பேசினேன்?"

அவள் தண்ணீர்க் குழாயை மூடினாள். அந்த நிமிடம் வரைக்கும் தன்னிடம் அத்தனையும் இருப்பது அவளுக்கே தெரியாது. நிழலிலிருந்து நட்சத்திரம் வரைக்கும், நெல்லிலிருந்து குகை மான் வரைக்கும், எதற்குப் பின்னால் எது வந்தது, எந்த இடத்தில் நாற்பது பெண்களும் கை வேலையை நிறுத்தினார்கள், எந்த இடத்தில் பேராசிரியர் தவறாகச் சொன்னார் என்று அவளுக்குத் தோன்றியது, எல்லாம் வரிசையாக நின்றன.

"பதினோரு மாசம் பேசுனீங்க ஐயா. சொல்லி முடிக்க நேரமாகும்."

"ஆகட்டும். நான் குறுக்க பேசமாட்டேன்."

"சிலத நீங்க சரியாச் சொல்லலன்னு எனக்குப் பட்டுச்சு. அதையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க."

"எங் கேள்விக்கு வந்தீங்க, தாடை எலும்புல இருக்கையில நான்தான் நிறுத்திப்போட்டேன். அதுக்கு மேல நீங்க ஒண்ணும் பேசல. அதுக்கு மேல உள்ளத நான் சொல்லட்டுமா?"

மறுமுனையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போடுவது கேட்டது. அவர் உள்பக்கம் திரும்பிக் கூப்பிடுவதும் கேட்டது.

"செங்கமலம், நீயும் வந்து உக்காரு. இந்தம்மா பேசப்போறாங்க."